வாளியைத் தொடக் கட்டணம்

அம்பலவாணர் நடத்திய அன்னதானக் கூடத்தின் கூத்தைக் கேளுங்கள். அங்கே சாப்பிடுகிறவருக்கு எல்லாம் இலவசம். பரிமாற வருகிறவர்தான் ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும்! "புண்ணியம் என்ன சும்மாவா கிடைக்கும்?" என்பார் அவர்.

ஆண்டு விழாவன்று கீரை விற்கும் ராக்கு பரிமாற வந்தாள். அம்பலவாணர் மறித்தார்.

"பணம் கட்டாம வாளியைத் தொடக் கூடாது."

"சாப்பிடலாமா, ஐயா?"

"தாராளமா! அது இலவசம்தானே."

"அப்ப சாப்பிட்டே போறேன்" என்று ராக்கு பந்தியில் உட்கார்ந்தாள். பரிமாறுவதற்காகப் பணத்தோடு வரிசையில் நின்ற தையல்காரர் யோசித்தார். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு வரிசையே வந்து உட்கார்ந்துவிட்டது.

இலை போட்டாயிற்று, சோறு போட ஆளில்லை. முதல் இலையில் விருந்தாளியாக வந்த கலெக்டர் காத்திருந்தார். வேறு வழியின்றி அம்பலவாணரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார்.

"ஐயா, வாளியைத் தொட்டுட்டீங்களே, பணம் கட்டியாச்சா?" என்றாள் ராக்கு.

"என்ன பணம்?" என்று நிமிர்ந்தார் கலெக்டர்.

அம்பலவாணர் வாளியோடு குழைந்தார். "அந்தக் கட்டணமெல்லாம்... இன்னிக்கோட நிறுத்தியாச்சுங்க."

அவ்வளவுதான்! பரிமாற வந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு வாளியைத் தூக்கினார்கள். ராக்கு அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, காலியான தன் இலையைக் காட்டினாள்.

"நீங்க உட்காருங்க ஐயா. உங்களுக்கும் இலவசம்தான்."