மேகவண்ணருக்குத் தாம்பூலம்

ராஜாக்கள் ஒரு யானைக்காகக் கோபித்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்த முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை ராஜ்யம் ஒன்றில் கோனேரியப்பர் என்றொரு தூதர் இருந்தார். ஒன்பது ராஜசபைகளைப் பார்த்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ராஜா சிரித்துவிடுவார். அதனாலேயே பிரதானி திருவேங்கடருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

ஒரு கோடையில் ராஜாவின் செல்லமான பட்டத்து யானை மேகவண்ணன் வற்றிய ஆற்றைக் கடந்து, அக்கரை ராஜ்யத்துக் கரும்புத் தோட்டத்தில் புகுந்தது. அக்கரை ராஜா அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, "வேண்டுமானால் என் சபைக்கு ஆள் அனுப்பிக் கேட்கட்டும்" என்று சொல்லியனுப்பினார்.

"என் யானையை நான் கேட்பதா?" என்று குதித்தார் ராஜா.

பிரதானி பணிவாக எழுந்தார். "கோனேரியப்பரை அனுப்பலாமே, மகாராஜா. கேட்காமலேயே கொண்டு வரட்டும். கெட்டிக்காரர் ஆயிற்றே!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "கோனேரியப்பரே, யானையைக் கொடு என்று ஒரு வார்த்தை நீர் கேட்கக் கூடாது. யானை இல்லாமல் திரும்பவும் கூடாது. திரும்பினால் உத்தியோகமும் இல்லை, இந்த நாட்டில் இடமும் இல்லை."

கோனேரியப்பர் குனிந்து வணங்கினார். பிறகு, "உத்தரவு" என்றார்.

தூதரும் அவர் ஆட்களும் வந்து இறங்கினால், அவர்கள் பெயரை எழுதி, முத்திரை வைத்து, அரண்மனைச் சாப்பாடு போடுவது அக்காலத்து வழக்கம். ராஜா கையால் தாம்பூலம் வாங்கினால்தான் அவர்கள் புறப்படலாம். அதுவரை அவர்கள் ராஜாவின் விருந்தாளிகள். அவர்கள்மேல் கைவைத்த ராஜாவின் சபைக்கு வேறு எந்த நாடும் தூது அனுப்பாது.

அக்கரையில் மடைப்பள்ளி மணியக்காரர் ஓலையோடு வந்தார். "எத்தனை பேருங்க?"

"எட்டு. முதலில் மேகவண்ணர் என்று எழுதுங்கள். அவர் எங்களுக்கு முன்பே வந்து, கிழக்கு வாசல் பக்கம் தங்கியிருக்கிறார்."

"சாப்பாடு எப்படிங்க?"

"சைவம்தான். கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடுவார்."

"அதுக்கென்னங்க, அரண்மனைச் சோறுதானே! நல்லாச் சாப்பிடட்டும்."

பட்டியலில் ராஜமுத்திரை விழுந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

பத்து நாள் கோனேரியப்பர் மழையைப் பற்றிப் பேசினார், குதிரைகளைப் பற்றிப் பேசினார். யானையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் கெஞ்சுவார் என்று காத்திருந்த அக்கரை ராஜாவுக்குச் சலித்துவிட்டது. நாலு நாட்டுத் தூதர்கள் உட்கார்ந்திருந்த சபையில் தாம்பூலத் தட்டை வரவழைத்தார்.

"மேகவண்ணர்!" என்று சேவகன் பட்டியலைப் படித்தான். யாரும் வரவில்லை.

"எங்கே அவர்?" என்றார் ராஜா.

"வர முடியவில்லை, மகாராஜா. காலில் சங்கிலி" என்றார் கோனேரியப்பர்.

"என் விருந்தாளிக்குச் சங்கிலியா? எவன் போட்டான்?"

கோனேரியப்பர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். சபையும் திரும்பியது. அங்கே நின்ற அரண்மனை யானைப் பாகன் முன்னால் வந்தான்.

"சாமி... அது நம்ம கிழக்கு வாசல் கொட்டாரத்துல கட்டியிருக்கிற யானைங்க. நீங்கதான் போடச் சொன்னீங்க."

நாலு நாட்டுத் தூதர்களும் தத்தம் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். ராஜா பட்டியலைப் பார்த்தார், அவருடைய முத்திரைதான். சற்று நேரத்தில் சங்கிலி கழன்றது, யானைக் கொட்டாரத்துக்கு ஒரு கூடை வெற்றிலை போயிற்று. மேகவண்ணன் கூடையையும் சேர்த்துத் தின்றது.

சொந்த நாட்டில் யானைமேல் வந்து இறங்கிய கோனேரியப்பரைப் பார்த்து, அவர் ஆட்களிடம் நடந்ததைக் கேட்டறிந்த பிரதானி பொருமினார். "மகாராஜா! பட்டத்து யானையைத் தம் எடுபிடி ஆள் என்று எழுதிவிட்டார் இவர்! இதைவிட அவமானம் உண்டா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா?"

"எடுபிடியா? பட்டியலில் முதல் பெயரே அவர்தானே, மகாராஜா! கேட்கக் கூடாது என்றீர்கள். எனக்கு வாய் எப்போதாவது நழுவிவிடும். அதனால் பேசவே தெரியாத ஒருவரைத் தூதராக்கி, நான் அவருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாகப் போய் வந்தேன்."

ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் சால்வையைக் கழற்றித் துபாஷிக்குப் போர்த்தி, ஆயுளுக்கும் தூதர் பதவியை உறுதி செய்தார். பிறகு கண்ணைத் துடைத்தபடி பிரதானியின் பக்கம் திரும்பினார்.

"பெரிய தூதருக்கும் மரியாதை செய்ய வேண்டும் அல்லவா? ஊர்வலத்தில் அவருக்குக் குடை பிடிப்பது இனி உம்முடைய பொறுப்பு, பிரதானி. காம்பு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பார்த்துக்கொள்ளும்."