வெள்ளைக் கற்கள் இருந்த தட்டு

கல்லைப் பற்றிப் படிக்க வந்த சங்கரபாண்டியனுக்குத் தலை நரைத்திருந்தது. சொல்லித்தரும் இசக்கியம்மாளுக்கு அவருடைய மகள் வயது. திருநெல்வேலியில் சேலைக்கடை நடத்தியே காலத்தை ஓட்டியவர், கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சின்ன வயது ஆசையைத் தீர்த்துக்கொள்ள வந்திருந்தார்.

டீச்சர் யாரையும் லேசில் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு தட்டு நிறைய வெள்ளைக் கற்களைக் கொடுத்தாள்.

"மத்தியான மணி அடிக்கதுக்குள்ள இனம் பிரிச்சு வையுங்க, அண்ணாச்சி. சரியா இருந்தா சேர்த்துக்கிடுதேன். இல்லைன்னா வீட்டுக்குப் போயிரலாம்."

இவ்வளவுதானா என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பால் வெள்ளை, சந்தன வெள்ளை, சாம்பல் வெள்ளை என்று கடையில் அடுக்குவதுபோல அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று தானே ரசித்தார்.

இசக்கியம்மாள் பார்த்தாள்.

"பட்டும் பருத்தியும் ஒரே சிவப்புன்னா, ஒரே அடுக்குல வைப்பீங்களா?"

"அதெப்படி? நூலே வேறல்லா!" சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் மூன்று பால் வெள்ளைக் கற்களை எடுத்துக் கத்தியால் சுரண்டினாள். ஒன்றில் கீறலே விழவில்லை. மற்ற இரண்டிலும் உதிர்ந்த பொடிமேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பொடி புசுபுசுவென்று நுரைத்தது.

"சுண்ணாம்பு! இது ரெண்டும் ஒரே நூலு. சேர்த்துப் போட்ரவா, டீச்சர்?"

அவள் சுத்தியலை நீட்டினாள். "உடைங்க."

முதல் கல் சாய்ந்த பெட்டி பெட்டியாக உடைந்தது. ஒரு பெட்டியை மறுபடி தட்டினார். அதுவும் சின்னச் சின்னச் சாய்ந்த பெட்டிகளாயிற்று. அடுத்த கல்லைத் தட்டினார். ஒரு பெட்டிகூட இல்லை, ஊசி ஊசியாகச் சிதறியது.

சங்கரபாண்டியன் எழுந்தே விட்டார். "நூலு ஒண்ணு, நெசவு வேற! டீச்சர், நெசவு வேற!"

காலையெல்லாம் அடுக்கிய அழகை இரண்டு கையாலும் கலைத்துப் போட்டார். சுரண்டினார், பிழிந்தார், தட்டினார். சட்டையெல்லாம் எலுமிச்சைச் சாறு. ஒவ்வொரு நுரைக்கும் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மணி அடித்தது.

தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அவர் கை நின்றது.

"முடிக்கலியே, டீச்சர்." சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆயுசு பூரா நிறத்தையே பாத்த ஆளு. வீட்டுக்குப் போகட்டா?"

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி. நாளைக்கு வரும்போது எலுமிச்சம்பழம் கூடுதலா வாங்கிட்டு வாங்க. சிவப்புக் கல்லுத் தட்டு இன்னும் இருக்கு."