அந்தரத்தில் சுற்றிய சக்கரம்

ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒன்றும் இல்லை, போன ஐப்பசியில்தான். தேன்கல்மேடு என்கிற மலைக் கிராமத்துக்கு ஏறும் மண்பாதையில் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். வேறு எந்த வண்டியும் அந்தப் பாதையில் ஏறாது.

அந்த நாலில், பின்பக்கம் இடது ஓரத்தில் இருந்த சக்கரத்துக்குக் கொஞ்ச நாளாகவே முகம் சரியில்லை. அன்றைக்கு ரொம்ப மோசம். அதன் தலைக்கு நேர் மேலே ஒரு ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது.

கல் அம்சாவுடையது. அம்சா பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு இறங்கி வந்தவள். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். தலைப்பிள்ளையோடு போகிற பெண்ணுக்கு ஒரு ஆட்டுக்கல் கொடுத்தனுப்புவது அவர்கள் வழக்கம். கேழ்வரகு ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கலாம் பாருங்கள். அதோடு ஒரு அரிசி மூட்டை, ஒரு தொட்டில், துணிமணி எல்லாம் வண்டியில் இருந்தன. புருஷன் சடையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜீப்பை ஓட்டியவர் காசிலிங்கம்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காரேன்" என்றது சக்கரம்.

"உருட்டிவிட ஆள் இருந்தா உட்காருவேன்" என்றது ஆட்டுக்கல்.

"ஏறும்போது அரிசி, இறங்கும்போது பலாப்பழம், இன்னைக்கு நீ. எல்லாரும் என் தலைமேலதான்."

கல்லுக்குப் பதில் சொல்ல அவசரம் ஒன்றும் கிடையாது.

கிராமத்துக்கு முன்னால் ஒரு கானாறு தாண்ட வேண்டும். மேல்மலை கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒரு மழை கொட்டினால் கானாற்றில் வெள்ளம் இறங்கிவிடும். இறங்கினால் விடிகிறவரை வண்டி தாண்டாது. பாதை ஒடுக்கம், திருப்பிக்கொண்டு போகவும் வழியில்லை. நடந்து போகிற தூரமும் இல்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு காட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

காசிலிங்கம் அதனால் வேகமாகத்தான் வந்தார். கானாறு கண்ணில் படுகிற இடத்தில் முன் வலதுச் சக்கரம் ஒரு சேற்றுக் குழியில் தொப்பென்று இறங்கிவிட்டது. வண்டி கோணிக்கொண்டது. எதிர்மூலையில் இருந்த நம்ம பின் இடதுச் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் மேலே போய்விட்டது.

முதலில் அதற்குப் பயமாகத்தான் இருந்தது. காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. காசிலிங்கம் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பயம் போய்விட்டது. விர்ரென்று சுற்றியது. பிறந்ததிலிருந்து அப்படிச் சுற்றியதில்லை.

"பாத்தீங்களா, என் வேகத்தைப் பாத்தீங்களா" என்றது.

பின் வலதுச் சக்கரம் கெட்டியான பாறைமேல் நின்றுகொண்டிருந்தது. "சுத்துறது தெரியுது. வண்டி நகர்ந்துச்சா?" என்று கேட்டது. பிறகு என்ஜினிடம் திரும்பியது. "ஏன்ப்பா, நான் இங்க காலை ஊனி நிக்கிறேன். எனக்கு ஒரு சொட்டு பலம்கூட வரலையே. இது என்ன ஞாயம்?"

"நான் என்ன பண்றது" என்றது என்ஜின். "யாரு லேசா சுத்துறாங்களோ அவங்க பக்கமே என் பலம் ஓடிப்போயிடுது. என் சுபாவம் அப்படி."

"முன்னாடியும் அதே கதைதான்" என்றது மேட்டில் நின்ற முன் இடதுச் சக்கரம். "எல்லாம் குழிக்குள்ள இருக்கிறவனுக்கே போகுது."

"வந்து என்ன, நான் எனக்கே குழி வெட்டிக்கிட்டு இருக்கேன்" என்றது சேற்றுக்குள்ளிருந்து முன் வலதுச் சக்கரம். அதற்கு வாயெல்லாம் சேறு.

காசிலிங்கம் கீழே இறங்கிப் பார்த்தார். இந்த ஜீப்புக்கு வருவதற்கு முன்னால் அவர் வெகுகாலம் மாட்டு வண்டி ஓட்டியவர். மாட்டு வண்டி சிக்கினால் பாரத்தை இறக்கிவிட்டு மாட்டை அதட்டுவார், வண்டி வெளியே வந்துவிடும். கை அப்படியே பழகிவிட்டது.

"சடையா, எல்லாத்தையும் இறக்கு. லேசானா தானா ஏறிடும்."

அம்சா பிள்ளையோடு இறங்கி நின்றாள். மூட்டை இறங்கியது. தொட்டில் இறங்கியது. ஆட்டுக்கல்லை இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பாதையோரம் வைத்தார்கள். பின் இடதுச் சக்கரம் இன்னும் மேலே போனது.

"நீ இறங்கினதுக்கு நான் சாமிக்குக் கற்பூரம் ஏத்தணும்" என்றது கல்லைப் பார்த்து.

"ஏத்து" என்றது கல். "நான் இங்கேயே கிடந்தாலும் கல்லுதான். எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளைதான் நனையும்."

சக்கரம் அதைக் காதில் வாங்கவில்லை. காசிலிங்கம் மிதிக்க மிதிக்க அது சுற்றியது. சடையன் பின்னால் நின்று தள்ளினான். முன் வலதுச் சக்கரம் அச்சு முட்டும்வரை புதைந்தது. அது வாரி இறைத்த சேறு பாதையெல்லாம் தெறித்தது. முன்னால் போய்ப் பார்க்கலாம் என்று குனிந்த சடையன் முகத்திலும் அப்பிக்கொண்டது.

"மாமா, கண்ணாலத்தன்னிக்கு நலுங்கு வெச்சப்பகூட உனக்கு இவ்வளவு பூசல" என்றாள் அம்சா.

"சிரி சிரி. ராத்திரி இங்கதான் படுக்கணும், அப்ப சிரி."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மேல்மலையில் இடி உருண்டது. பிள்ளையின் நெற்றியில் முதல் துளி விழுந்தது. அவனை முந்தானையால் மூடிக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

"அண்ணா, அரிசி நனையுது. மேல ஏத்துங்க" என்றாள்.

"ஏத்தினா இன்னும் பொதையும்மா."

"பொதைஞ்ச வண்டி பொதைஞ்சபடி கிடக்கட்டும். அரிசி ஏன் நனையணும்?"

காசிலிங்கம் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மூட்டை ஏறியது. தொட்டில் ஏறியது. காற்று அடித்ததில் வண்டியை மூடியிருந்த படுதா பின்பக்க இடது மூலையில் கிழிகிற மாதிரி பறந்தது, சாரல் நேரே பிள்ளைமேல் விழுந்தது.

"மாமா, அந்தக் கல்லைத் தூக்கி இந்த மூலையில படுதா ஓரத்து மேல வை. நானும் அது பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன்."

"வேணாம், வேணாம்" என்றது பின் இடதுச் சக்கரம். யார் கேட்டார்கள்?

கல் ஏறி உட்கார்ந்தது. அம்சா பிள்ளையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி முனகிக்கொண்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. சக்கரம் இறங்கியது, இன்னும் இறங்கியது, கடைசியில் காலில் ஏதோ குத்தியது. சரளைக் கல். தரை.

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். சேற்றுக் கையாலேயே தலையைச் சொறிந்தார். "அட, காத்துல நின்ன டயரு கீழ வந்துடுச்சே. சடையா, தள்ளினது போதும். நீயும் அந்த மூலையிலேயே ஏறித் தொங்கு."

அவர் மெதுவாக மிதித்தார்.

"சுத்தக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டது என்ஜின்.

"உயிர் போகுது" என்றது சக்கரம்.

"அப்ப சரி. இப்ப உன் பக்கமே எல்லாம் ஓடிப்போகாது. பின் வலது, இந்தா பிடி."

பாறைமேல் இத்தனை நேரம் சும்மா நின்ற சக்கரம் ஒரு உந்து உந்தியது. நம்ம சக்கரம் சரளையைக் கவ்விக்கொண்டது. கவ்வின இடம் நழுவப் பார்த்தது.

"கல்லு, எழுந்திரிச்சிடாதே."

"நான் எங்க போறேன்" என்றது கல். "என்னை அசைக்க ரெண்டு ஆள் வேணும்."

ஒரு விரல் அளவு நகர்ந்தது. ஒரு கை அளவு நகர்ந்தது. முன் வலதுச் சக்கரம் சப்பென்று ஒரு சத்தத்தோடு குழியை விட்டு வெளியே வந்தது. காசிலிங்கம் நிறுத்தவே இல்லை. அப்படியே கானாற்றுக்குள் இறக்கி, அச்சளவு தண்ணீரில் உருட்டி, அக்கரையில் ஏற்றிவிட்டார். வளைவு திரும்பும்போது பின்னால் இரைச்சல் கேட்டது. சடையன் திரும்பிப் பார்த்தான். செம்மண் தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை பாலுக்கு அழுதான்.

தேன்கல்மேட்டில் வண்டி நின்றபோது மழை தூறலாகியிருந்தது. சடையன் வீடு ஒரு சரிவின் மேலே. வழியெல்லாம் குழம்பு மாதிரி களிமண். சடையனின் தங்கை சரிவில் இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணி, பிள்ளையை அண்ணன்கிட்ட குடுத்துட்டு என்னை மாதிரி கையை வீசிக்கிட்டு வா. வழுக்கி விழுந்து வெக்காதே."

"இருக்கட்டும் பாப்பா" என்றாள் அம்சா. பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினாள்.

பின் இடதுச் சக்கரம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சரிவில் இரண்டு பேருடைய தடமும் பக்கத்துப் பக்கத்தில் மேலே போயிற்று. நாத்தனாரின் தடம் வழிநெடுக நீள நீளமாகச் சறுக்கியிருந்தது. அம்சாவின் குதிகால்கள் ஒவ்வொன்றும் ஆழமாக, வைத்த இடத்திலேயே பதிந்திருந்தன.