மூன்று நாள் கைச்செலவு

"கையில ரெண்டு லட்சம் இருக்குதுங்க ஆசானே. மூணு நாள் சிங்கப்பூரு. நாளுக்கு எவ்வளவுன்னு பிரிக்கறது?"

கேட்டவர் சென்னியப்பன். அறுபது தாண்டியவர். மாடு வாங்கி விற்றே காரும் வீடும் சம்பாதித்தவர். அதில் பாதியை இந்த ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவர்.

ஆசான் என்று அவர் கூப்பிட்டது தரகர் குப்புராசுவை. தரகர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சென்னியப்பன் பேரம் படித்தது அவரிடம்தான். ஏமாந்தாலும் ஏமாற்றினாலும் முதலில் வந்து சொல்வதும் அவரிடம்தான்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. புழுதி, சாணி, கத்தல்.

தரகர் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"டிக்கெட்டு?"

"எடுத்தாச்சுங்க. ரூமும் போட்டாச்சு. இது கைச்செலவுக்கு மட்டும்."

"ஆரு போறது?"

"நானும் மயிலாத்தாளும்."

தரகர் காளையின் வாயை விட்டார்.

"அக்காளுக்கு இப்ப எப்படி?"

"டாக்டரு மருந்தை நிறுத்திட்டாரு. ஆசைப்பட்ட எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. காசு வாங்கற மட்டும் வாங்கிட்டுக் கடைசியில இதைச் சொல்ல ஒரு டாக்டரு!"

"எங்க இருக்காங்க?"

"கார்ல. வேப்பமரத்துக்கடியில."

"சரி. செலவைச் சொல்லுங்கண்ணா."

சென்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விலை, செலவு என்று காதில் விழுந்தால் அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

"சாப்பாட்டுக்குக் காசே கெடையாதுங்க. கரண்டு குக்கரு, அரிசி, பருப்புப்பொடி, நார்த்தங்கா ஊறுகா, எல்லாம் பெட்டியில போட்டாச்சு. ரூமுக்குள்ளயே கஞ்சி வெச்சுக்கலாம்."

"வெக்க உடுவானா?"

"கதவைச் சாத்திட்டா எவனுக்குத் தெரியும்?"

"அக்கா எவ்வளவு குடிக்கறாங்க?"

"ரெண்டு கரண்டி. அதுல ஒண்ணு வெளிய வந்துரும்."

"அதுக்கு ஒரு குக்கரு."

சென்னியப்பன் காதில் அது ஏறவில்லை.

"அங்க ஒரு டீ என்ன விலைன்னு கேளுங்க. ரெண்டு டாலராம். அறுபத்தஞ்சால பெருக்குங்க. நூத்தி முப்பது ரூவா! ஒரு டீக்கு! அவனுங்க மாடு என்ன தங்கத்தையா திங்குது?"

"டீ வேண்டாம். வண்டி?"

"டாக்ஸியெல்லாம் ஆகாது. ரயில்லயே போயிக்கலாம்."

"அக்கா நடப்பாங்களா?"

"நான் புடிச்சுக்குவேன்."

"ஊரைச் சுத்திப் பாக்கறது?"

"பாதி எடம் வெளிய நின்னு பாத்தாலே தெரியுமாம். உள்ள போனாத்தான் காசு. அப்பறம் கோடாலித் தைலம் ரெண்டு டஜன், சாக்லேட்டு நாலு கிலோ. சொந்தக்காரனுங்க கேப்பானுங்க. சிங்கப்பூரு போயிட்டு வெறுங்கையா வந்தான்னு ஊரெல்லாம் பேசுவானுங்க."

"அக்காளுக்கு?"

"அவளுக்கென்ன, அதே தைலத்தைத் தேச்சுக்குவா."

தரகர் தலையாட்டினார். ஒத்துக்கொள்கிற ஆட்டமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளுக்கு எவ்வளவு வருது?"

"நாப்பதாயிரத்தை மூணால வகுத்தா இடிக்குதுங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"நாப்பதா? ரெண்டு லட்சம்னீங்க."

சென்னியப்பன் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார்.

அந்தச் சந்தையில் அவர் பேசாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

"மிச்சம் எங்கண்ணா?"

"அது திரும்பி வர்றதுக்கு."

"டிக்கெட்டு ரெண்டு பக்கமும் எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு."

"அப்பறம்?"

"உக்காந்து வர்றதுக்கு எடுத்தாச்சுங்க ஆசானே. படுத்துட்டு வந்தா?"

தரகர் காளையின் கயிற்றை அதன் சொந்தக்காரனிடம் கொடுத்தார். 'அப்புறம் வா' என்று அவனுக்குக் கையைக் காட்டினார்.

சென்னியப்பன் கத்த ஆரம்பித்தார். கத்தினால்தான் அவருக்குச் சில விஷயங்கள் வாயில் வரும்.

"அங்க ஒரு ஏஜெண்டைப் புடிச்சேன். பொட்டி, பேப்பரு, ப்ளேனு எல்லாம் சேத்து ரெண்டரை லட்சங்கறான். எம்பொண்டாட்டி என்ன தேக்கு மரமாடான்னு கேட்டேன். எடைக்குத்தானே காசு? முப்பத்தெட்டுக் கிலோதான் இருக்கா, பாத்துப் போடுன்னேன். எறங்குனான். ஒண்ணு அறுபதுல நிக்கறான். அதுக்குக் கீழ வர மாட்டேங்கறான், திருட்டுப்பய."

"எடையைச் சொல்லியா பேசுனீங்க?"

"பேசாம? அவன் வாய்க்கு வந்ததைக் குடுக்கறதுக்கு நானென்ன..."



தரகர் வெற்றிலையைத் துப்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்.

"ஆசானே! ஒரு கணக்குக் கேட்டா நீங்க பாட்டுக்குப் போறீங்க?"

தரகர் நிற்கவில்லை.

காரின் முன்சீட்டைச் சாய்த்து மயிலாத்தாள் படுத்திருந்தாள். உச்சி வெயில். கழுத்துவரை கம்பளி. கம்பளிக்குள் ஆள் இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

தரகரைப் பார்த்ததும் கண் சிரித்தது.

"வாங்க தம்பி. கதவைத் தொறங்க. உள்ள ஏசி ஓடுது. அவருகிட்டச் சொல்லீராதீங்க, டீசலு போவுதும்பாரு."

"அவரும் பின்னாடியேதான் வர்றாருங்க."

"வரட்டும். இனி என்னை என்ன பண்ணப் போறாரு?"

தரகர் கதவைத் திறந்து பக்கத்தில் குந்தினார்.

"ஏனுங்கக்கா, எத்தனையோ எடம் இருக்கு. எதுக்குச் சிங்கப்பூரு?"

"எங்கண்ணன் மருமக போயிட்டு வந்து சொன்னா. அங்க கடைக்குள்ள போனா எல்லாத்து மேலயும் விலை ஒட்டியிருக்குமாம். கேக்கவே வேண்டாமாம். கேட்டாலும் ஒரு காசு கொறைக்க மாட்டானாம்."

மூச்சு வாங்கினாள். தரகர் காத்திருந்தார்.

"இவரு பேசி முடிக்கற மட்டும் தெருவைப் பாத்துட்டு நிப்பேன் தம்பி. கலியாணம் ஆன நாள்லயிருந்து அதே வேலை. முகூர்த்தச் சீலைக்கே நாலு கடை ஏறி எறங்க வெச்சாரு. தீபாவளிக்கு ஒரு வளையல் கேட்டா, வளையல்காரன் அழுதுட்டே போவான். இவரு வாயை மூடிட்டு நடக்கற ஊரு ஒண்ணு இருக்குதுன்னா, அதைப் பாத்தறோணும்."

பின்னால் வந்து நின்ற சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது.

"கேட்டீங்களா ஆசானே, நாக்கை! நான் வாயை மூடியிருந்தா நீ இன்னிக்கிக் கார்ல படுத்திருப்பியா?"

"மாட்டேன். பஸ்ல உக்காந்திருப்பேன். இந்நேரம் வீடு போயிருப்பேன்."

தரகர் துண்டை விரித்தார்.

"கையை நீட்டுங்கண்ணா. அக்கா, நீங்களும்."

"என்ன பண்றீங்க?"

"செலவு கேட்டீங்கல்ல? வெலை பேச ரெண்டு பேர் வேணும். நீங்க ஒருத்தரே பேசி, ஒருத்தரே முடிச்சுட்டு வந்து நிக்கறீங்க."

"பொம்பளைகூடத் துண்டு போடறதா? சந்தையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீட்டுங்க."

மாட்டுச் சந்தையில் விலை வாயில் வராது. ரெண்டு பேர் கையையும் துண்டால் மூடி, அடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக்கையைப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பதைத் தரகர் முதலிலேயே சொல்லிவிடுவார். சுற்றி நிற்கிறவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

"அக்கா, உங்களுக்கு இது..."

"இவரு துண்டையெல்லாம் தொவைச்சவ நாந்தானே தம்பி. தெரியாம இருக்குமா?"

கம்பளிக்குள்ளிருந்து அவள் கை வந்தது. தரகர் துண்டைப் போட்டு மூடினார்.

"பத்தாயிரத்துல பேசறோம். மூணு நாள் கைச்செலவு. நீங்க ஆரம்பிங்கண்ணா."

சென்னியப்பன் நாலு விரலைப் பிடித்தார். நாற்பதாயிரம்.

எதிராளிக்கு எவ்வளவு திராணி, எவ்வளவு அவசரம் என்பதையெல்லாம் விரலைத் தொட்டே சொல்லிவிடுகிற கை அவருடையது. இப்போது அது தொட்டது எலும்பை.

அவள் கை மெதுவாகத் திரும்பியது. அவர் கையை முழுதாகப் பிடித்தது. விட்டது.

ஐந்து.

மறுபடி பிடித்தது.

பத்து.

கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். மறுபடி.

பதினைந்து.

நாலாவது பிடிக்கு நேரம் ஆனது. எங்கோ ஒரு மாடு கத்தியது. தரகர் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

பிடித்தாள்.

"மொத்தத்தையுமா?" சென்னியப்பன் அலறினார்.

"வாயை மூடுங்கண்ணா. துண்டு கெடக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மறுபடி பிடித்தார். ஐந்து.

அவள் கை அசையவில்லை.

ஆறு. ஏழு.

அசையவில்லை.

எட்டு.

கேட்ட விலையில் கல் மாதிரி நிற்கிற வித்தை தனக்கு மட்டும்தான் வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"அப்ப நீ எப்படிப் புள்ள வருவே?" என்றார். கத்தத்தான் வாயைத் திறந்தார். குரல் அடங்கித்தான் வந்தது. "அங்க ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

அவளிடம் அவர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள்.

"அந்த ஏஜெண்டுப் பையன் நேத்துக் கூப்பிட்டான். நீங்க குளிச்சுட்டிருந்தீங்க. நல்ல பையன். ஆருகிட்டப் பேசறோம்னு தெரியாம எங்கிட்டயே எடை கேட்டான்."



"என்ன... என்ன சொன்னே?"

"முப்பத்தாறுன்னேன். நீங்க ரெண்டு கிலோ சேத்துச் சொல்லியிருக்கீங்க. அதுக்கும் காசு கேப்பானில்ல?"

தரகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியே இன்னொண்ணும் கேட்டேன். அங்கயே எரிச்சுச் சாம்பலாக் குடுத்தா எவ்வளவுன்னு. அது ரொம்பக் கம்மியாம். எங்கையில கெடக்கற ரெண்டு வளையல் போதும். பேசி முடிச்சுட்டேன்."

"நீயா பேசுனே?"

"உங்ககூட இருந்துட்டு இதுகூட வராதா?"

"மயிலா, நம்ம காடு இருக்குது. எங்கப்பன் ஆத்தா படுத்திருக்கற காடு. அதை உட்டுட்டு, ஆருமே இல்லாத ஊர்ல உன்னைய..."

"காட்டைத்தான் தெனமும் பாத்துட்டேனுங்களே."

அதற்குமேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. முகத்தைத் திருப்பிச் சந்தையைப் பார்த்தாள். துண்டுக்கு அடியில் அவள் கை விரித்தபடி கிடந்தது.

மாடு வாங்கியவன் ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டு காரை ஒட்டிப் போனான். மாடு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனது.

"என்னண்ணா," என்றார் தரகர். "கையை உருவிக்குங்க, பேரம் முறிஞ்சுரும். நாப்பதையே மூணால வகுத்துத் தர்றேன்."

சென்னியப்பன் உருவவில்லை.

"இல்ல, கொறைச்சுக் கேளுங்க. பத்தொம்பது கேளுங்க. பதினெட்டரை கேளுங்க. உங்களுக்கு நானா சொல்லித் தரோணும்?"

சென்னியப்பனின் உதடு அசைந்தது.

"படிஞ்சிருச்சுங்க ஆசானே," என்றார்.

தரகர் துண்டின் மேல் கை வைத்தார்.

"எடுக்காதீங்க," என்றார் சென்னியப்பன். "செத்த நேரம் இருக்கட்டும்."