ஒன்றாம் நம்பர் இன்ஜினும் ஒன்பது பெயர்களும்

வாருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவர்களும் முன்னால் வரலாம், இடமிருக்கிறது. இன்று சொல்லப்போவது சாம்பல் அள்ளிய ஓர் அடியாரின் கதை. இரத்தமும் நெருப்பும் இதில் உண்டு. பயந்த பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் யாரும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் எழுந்தால் வலி மட்டும்தான் உங்களோடு வீட்டுக்கு வரும்.

மலைகளுக்கு நடுவே கருமலை என்றோர் ஊர். அங்கே வெட்டிய வெள்ளைக்கல்லை ஏற்றிப் போக, வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று இருபத்திரண்டு மைலுக்குச் சின்ன ரயில் பாதை போட்டிருந்தது. நான்கு நீராவி இன்ஜின்கள், அவற்றுக்கு ஒரு ஷெட். அந்த ஷெட்டில் சாம்பல் குழி வேலை நஞ்சுண்டருக்கு. ஓடிவந்த இன்ஜின் குழியின் மேல் நிற்கும். அவர் அடியில் இறங்கி, அண்ணாந்த முகத்தோடு, நீண்ட கொக்கியால் நெருப்புப் பெட்டியின் சாம்பலை இழுத்துத் தள்ளுவார். கனல் கட்டிகள் தோளில் விழும். அவருடைய இமை மயிர் கருகிக் கருகி, முளைப்பதையே விட்டுவிட்டது.

ஆறிய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டுதான் மேலே ஏறுவார். "ஏன்டா நஞ்சுண்டா, கரிச்சாம்பலப் பூசறியே, கோயில் திருநீறு உனக்குக் கசக்குதா?" என்று ஃபிட்டர் முனியன் சிரிப்பார். "உள்ள நின்னு எரிஞ்சவரு அந்தச் சாமிதானுங்களே" என்பார் நஞ்சுண்டர். அதற்கு மேல் வாதம் செய்யத் தெரியாது அவருக்கு.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் வண்டி கிளம்பும் முன், ஒன்றாம் நம்பர் இன்ஜினின் பக்கத்தில் நின்று ஒன்பது பெயர்களைச் சொல்ல வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் இருக்கிறதே, அதன் இரும்புத் தகட்டில் உளியால் வெட்டிய பெயர்கள் அவை. பெயர் சொல்லாமல் சக்கரம் உருளாது.

யார் அந்த ஒன்பது பேர்? பாதை போட்ட காலத்தில் மலையைக் குடைந்த கூலிகள். மறுநாள் துரை பார்வையிட வருகிறார் என்று அவசரப்பட்டு, ஆட்கள் வெளியே வருமுன்பே மேஸ்திரி சிக்கண்ணன் வேட்டுக்குத் தீ வைத்துவிட்டான். குகை வாய் இடிந்து மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து பாறையைத் தட்டும் சத்தம் இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. "ஒம்பது பேரும் ராவோடு ராவா ஓடிப்போயிட்டானுங்க" என்று மேஸ்திரி சொன்னான். கம்பெனி அப்படியே எழுதிக்கொண்டது. பாதை மலையைச் சுற்றிப் போயிற்று. கல் ஏற்றப் போயிருந்த ஒன்றாம் நம்பர் டிரைவர் அந்தத் தட்டலைக் கேட்டவர். வாய் திறந்தால் வேலை போகும். அதனால் வாய் திறக்காமல், கொல்லரைக் கொண்டு ஒன்பது பெயரையும் தகட்டில் வெட்டவைத்தார். இவர்கள் செத்தார்கள், ஓடவில்லை என்பதற்கு உலகத்தில் அந்தத் தகடு ஒன்றுதான் சாட்சி.

டிரைவர்கள் மாறினார்கள், அந்தப் பெயர்கள் யாருடையவை என்பதை மறந்தார்கள். அந்த முதல் டிரைவர் பின்னாளில் ரகசியமாய்ச் சொல்லக் கேட்ட நஞ்சுண்டர் மறக்கவில்லை. எழுத்து அறியாதவர். ஆனாலும் விரலால் தடவித் தடவி இது குள்ளன், இது தொட்டப்பன் என்று சொல்வார். அந்த ஒன்பதில் அவருக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. கேட்டால், "மண்ணுக்குள்ள சாமியக் கூப்பிட்டுக்கிட்டே போனவங்க. அவருக்கு ஆளுங்கன்னா எனக்கு எசமானுங்க" என்பார்.

இதற்காக அவர் பட்ட முதல் அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஷெட் வாசலில் கம்மங்கூழ் விற்ற கெம்பம்மாளிடமிருந்து. ஆறாவது பெயர் சென்றாயன், அவள் புருஷன். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றே முப்பத்தெட்டு வருஷம் ஊர் அவளை அழைத்தது. ஓடிப்போனவன் மகளை எவனும் கட்டிக்கொள்ளவில்லை. நஞ்சுண்டர் பெயர் சொல்லும் நேரம் அவள் கூழ் அகப்பையோடு எழுந்து வருவாள்.

"வெக்கங்கெட்டவனே, விட்டுட்டுப் போன நாய் பேர காலங்காத்தால எதுக்குடா ஓதற?"

"ஓடலைங்க அம்மா. உள்ளதான் இருக்கறாரு."

"நீ போய்ப் பாத்தியா?" அகப்பை அவர் மண்டையில் இறங்கும். இரத்தமும் கூழும் சேர்ந்து வழியும். துடைத்துக்கொண்டு ஏழாவது பெயரைச் சொல்வார்.

காலம் வந்தது, பாதை மூடப்பட்டது. மூன்று வருஷம் கழித்து இன்ஜின்களைப் பழைய இரும்புக்கு எடுத்தவர் காண்டிராக்டர் மல்லையன். ஒரே மாதத்தில் மூன்று இன்ஜின்களைக் கேஸ் கட்டரால் அறுத்துத் துண்டம் போட்டார். நான்காவதாக ஒன்றாம் நம்பரின் முறை. நஞ்சுண்டர் அவர் காலில் விழுந்து, தகட்டை மட்டும் விட்டுக்கொடுக்கக் கேட்டார். எதற்கு என்றதும், வேட்டிலிருந்து பாறை தட்டிய சத்தம்வரை கதை முழுவதும் சொல்லிவிட்டார். அறியாத மனிதர்! மல்லையன் அந்த மேஸ்திரி சிக்கண்ணனின் மகன் என்பது அவருக்குத் தெரியாது.

மல்லையன் முகம் கறுத்தது. "எங்கப்பன் பேர்ல சத்திரம் இருக்குதுடா இந்த ஊர்ல. அவரு கொலகாரரா?" என்று கேட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். நஞ்சுண்டரின் வலது கையை ஆட்கள் தண்டவாளத்தின் மேல் வைத்துப் பிடித்தார்கள். ஒரே அடி. பெயர்களைத் தடவிய விரல்கள் அவரைக்காய்போல நசுங்கின.

மறுநாள் காலை என்ன செய்தார் நம் அடியார்? கையில் துணி சுற்றிக்கொண்டு அதே இடத்தில் வந்து நின்றார். இடது கையால் தகட்டைத் தடவி, குள்ளன் என்று தொடங்கினார்.

"தகட்ட அறுத்தாப் போதாது போலிருக்கே, வாய் ஒண்ணு இருக்குதே" என்றார் மல்லையன். அவரை இன்ஜின் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டர் நெருப்பில் ஒரு கம்பி பழுத்துச் சிவந்தது. "ஒவ்வொரு பேராச் சொல்லு. ஓடிப்போனான்னு சொன்னா விட்டுடறேன்."

"குள்ளன்" என்றார் நஞ்சுண்டர். "செத்துப்போனாருங்க."

கம்பி மார்பில் பதிந்தது. தோல் பொரிந்த நாற்றத்தில் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"தொட்டப்பன். செத்துப்போனாரு." மறுபடியும் கம்பி. மாரண்ணன், பொம்மன், ஊமையன். ஐந்து சூடு. குரல் உடைந்து, எச்சிலில் இரத்தம் வந்தது. ஆறாவது பெயருக்கு அவர் வாய் திறந்தபோது வாசலில் கூழ்ப்பானை விழுந்து உடைந்தது. கெம்பம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள்.

"சொல்லாதீங்க சாமி! ஓடிட்டான்னே சொல்லிடுங்க! நான் கேட்டுப் பழகினவ!"

நஞ்சுண்டர் அவளைப் பார்த்தார். "சென்றாயன். செத்துப்போனாருங்க அம்மா" என்றார். கம்பி இறங்கியது. கரியன், வீரபத்திரன், காளன். ஒன்பதும் முடிந்தது. தலை தொங்கிவிட்டது.

"பொய்க்காவ ஒருத்தன் இத்தன சூடு தாங்குவானாடா?" என்று கெம்பம்மாள் மண்ணில் உட்கார்ந்து மாரடித்தாள். மல்லையன் கேட்டும் கேளாதவராய்க் கட்டரை வாங்கிக்கொண்டு தகட்டை நோக்கி நடந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து மல்லையனின் ஆட்கள் கட்டருக்கு வாயு உண்டாக்கும் கார்பைடு கல்லை ஒரு சாக்கு நிறைய அந்த டெண்டர் தொட்டிக்குள்தான் போட்டு மூடியிருந்தார்கள். வெளியே பார்த்தால் காய்ந்த தொட்டி. ஷெட்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், எத்தனை வருஷமானாலும் டெண்டரின் அடியில் சாண் தண்ணீர் கிடக்கும். கல்லில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். பூண்டு வாடை அடிக்கும். நஞ்சுண்டரின் மூக்குக்கு அது எட்டியது.

"வேண்டாமுங்க, தொட்டிக்குள்ள வாயு நெறஞ்சிருக்குது, நெருப்பக் காட்டாதீங்க, செத்துடுவீங்க!" என்று கத்தினார். சூடு வைத்தவனுக்குச் சொன்னார், பாருங்கள்.

"இன்னும் தகட்டுக்குத்தான் தந்திரம் பண்றான்" என்று மல்லையன் நெருப்பை வைத்தார்.

மலை இடிந்தாற்போல் ஒரு சத்தம். தொட்டி கிழிந்து பறந்தது. தகடு சுக்கல் சுக்கலாய்த் தெறித்தது. ஒரு துண்டு மல்லையனின் இடது காலை முழங்காலோடு வெட்டிக்கொண்டு போயிற்று. வேட்டி பற்றி எரிய, டெண்டரின் அடியில் கிடந்து அவர் அலறினார். பக்கத்தில் கட்டருக்கான இரண்டு வாயு சிலிண்டர்கள். ஆட்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள்.

அப்போது நஞ்சுண்டரின் கட்டை யாரோ அவிழ்த்தார்கள். பார்த்தால் இன்ஜினுக்குக் கரி போடும் ஒரு ஃபயர்மேன். கரியப்பிய மேனி, இடுப்பில் கோணி. அந்த ஷெட்டில் அதற்குமுன் கண்டிராத முகம்.

"சிலிண்டர் வெடிக்கப் போவுது, ஓடிடு" என்றார் அவர்.

"அவரு உள்ள கெடக்கறாருங்களே."

"உன்னச் சுட்டவன்தானே?"

"உள்ள மாட்டிக்கிட்டவங்கள விட்டுட்டு ஓடறது இந்த லைன்ல ஒருக்கா நடந்தது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு நஞ்சுண்டர் நெருப்புக்குள் போனார். நசுங்கிய கையை மல்லையனின் அக்குளில் கோத்து, சூடு பட்ட மார்போடு அணைத்து, தரதரவென்று இழுத்து வந்தார். சாம்பல் குழியில் அவரைத் தள்ளி, மேலே தாம் விழுந்து மூடிக்கொண்டார். சிலிண்டர்கள் வெடித்து இருவர் தலைக்கு மேலே பறந்தன.

புகை அடங்கியபோது, குழியில் அந்த ஃபயர்மேன் நஞ்சுண்டரின் தலையை மடியில் வைத்திருந்ததைக் கெம்பம்மாள் பார்த்தாள், ஃபிட்டர் முனியன் பார்த்தார், மல்லையனும் பார்த்தார். மூன்று வருஷமாய் நெருப்புக் காணாத இன்ஜினிலிருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்தார் அவர். அதில் ஆவி பறந்தது. ஒன்பது சூட்டின் மேலும் விரலால் இழைத்துப் பூசினார்.

"என் தகடு போச்சுங்களே" என்று நஞ்சுண்டர் குழந்தைபோல் அழுதார்.

"எங்கயும் போகல. எம் ஆளுங்கள நீ ஒருநாளும் விட்டுக் குடுக்கல. இனி அவங்க உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் ஃபயர்மேன். பிறகு எழுந்து, ஒன்றாம் நம்பரின் மேல் ஏறி, நெருப்புப் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, தம் வீட்டுக்குள் போகிறவர் தலை குனிவதுபோல் குனிந்து உள்ளே போனார். வெளியே வரவில்லை.

நஞ்சுண்டரின் மார்பில் புண் இல்லை. தழும்புகள் இருந்தன, ஒன்பது வரி. முனியன் குனிந்து பார்த்தார்; தழும்புகள் எழுத்தாக இருந்தன. எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். குள்ளன், தொட்டப்பன், மாரண்ணன், பொம்மன், ஊமையன், சென்றாயன். கெம்பம்மாள் அந்த ஆறாவது வரியில் கை வைத்தாள். முப்பத்தெட்டு வருஷம் கழற்றாதிருந்த தாலியைக் கழற்றி அதன் மேல் வைத்து, "ஓடலையா ராசா நீ, ஓடலையா" என்று அழுதாள். கைம்பெண்ணானதற்கு நிம்மதியோடு அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"எங்கப்பன்தான் தீ வெச்சது. சாவறப்ப எங்கிட்டச் சொன்னாரு" என்றார் மல்லையன், குழியில் கிடந்தபடியே, ஊரே கேட்க. கால் ஆறியதும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அவரே குகையைத் திறக்க வைத்தார். வாசலை ஒட்டி ஒன்பது பேரின் எலும்புகள், பாறையைப் பார்த்தபடி. ஒன்பது வீட்டாரும் கொள்ளி வைத்தார்கள். கெம்பம்மாளின் மகள் சென்றாயனின் மகளென்று பெயர் சொல்லித் தன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தாள். ஒன்றாம் நம்பர் இன்ஜினின் மேல் அப்புறம் யாரும் கட்டரை வைக்கவில்லை.

அடியார்களின் பெயரை நெஞ்சிலே எழுதி வைத்தவர் என்று நாம் பலரைப் புகழ்கிறோம். நஞ்சுண்டரோ நெஞ்சையே ஏடாகக் கொடுத்தார். அந்த எளியவரின் பாதத்துக்கு ஒரு கும்பிடு.

கண்ணுகளே, உங்கள் வீட்டு உலை பொங்கட்டும். பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர் குறையாமல் மாலையில் வாசலுக்கு வந்து சேரட்டும்.