தண்ணீர் பிரிக்கும் கிண்ணம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் குருவை எல்லோரும் அம்மா என்றே கூப்பிடுவார்கள். சீடர் நல்லசிவம் அவரைவிட வயதில் மூத்தவர். ஞானம் தேடி வந்தவரிடம், கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். மடத்தின் பழைய டீசல் கார் அவர் பொறுப்பானது.

இட்லிக்கடை சொர்ணத்துக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. டயாலிசிஸ் செய்ய அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்கு நல்லசிவம்தான் அழைத்துப் போவார். கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினில் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

மழை பெய்த மறுநாள், கணவாய் ஏற்றத்தில் கார் இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

நல்லசிவம் பானெட்டைத் திறந்தார். டீசல் பில்டரைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். டீசலுக்குள் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

“என்ன தம்பி?” என்றாள் சொர்ணம், பின்சீட்டிலிருந்து.

“டீசல்ல தண்ணி கலந்திருக்கு, அக்கா.”

“அப்போ உன் வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதிதான். உள்ள போன தண்ணியப் பிரிக்கத் தெரியல.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நல்லசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் வந்த லாரியைக் கும்பிட்டு நிறுத்தி அவளை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவளைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீங்கிய காலைத் தூக்கி வைக்கக்கூட இடம் தரவில்லை.

மடத்துக்குத் திரும்பிய நல்லசிவம் கோபத்தோடு அம்மாவிடம் போனார்.

“அம்மா, துரைக்கண்ணு பெட்ரோல் பங்க்ல டீசல் தொட்டி மூடி விரிசல் விட்டிருக்கு. மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்குது. அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வெட்கமில்லாம அதையே ஊத்தி விக்கிறான். சொர்ணத்துக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?” என்றார் அம்மா. “அவன்கிட்ட சொல்லுங்க.”

நல்லசிவம் போனார்.

கார் ஓட்டுகிறவர்கள் யாரும் துரைக்கண்ணுவிடம் குரல் உயர்த்துவதில்லை. அவர்கள் வண்டி நிறுத்தும் புளியமரத்தடி அவர் நிலம். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் மாலையும் பூசணிக்காயும் அவர் செலவில் வரும். மழைக்காலத்தில் ஒருவர் டேங்க் வாயில் வேட்டித் துணியைக் கட்டி டீசல் பிடிப்பார். இன்னொருவர் பக்கத்து ஊர்வரை போய் நிரப்பிக்கொண்டு, கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன் என்பார். “துரைக்கண்ணு அண்ணன் பங்க்ல டீசல் வாங்கினா தாகமும் தீரும்” என்று மரத்தடியில் சிரிப்பார்கள். பங்க் வரை கேட்காதபடி சிரிப்பார்கள்.

நல்லசிவம் பங்க் வாசலில் நின்று கத்தினார். துரைக்கண்ணு கத்தவில்லை.

“மடத்துல இருந்துக்கிட்டு இம்புட்டுக் கோபமா சாமி? உக்காருங்க. டீ சாப்பிடுங்க.”

“உசிரு போயிருக்கும்யா!”

“போகலைல? புது வண்டிக்காரன் எவனாவது நின்னானா, கேளுங்க. உங்களுது அந்தக் காலத்து வண்டி. சின்ன பில்டரு. என்ன செய்யும் பாவம்? லாரிக்கு மாட்டுற பெரிய வடிகட்டி இருக்கு. கீழ கண்ணாடி மாதிரி ஒரு கிண்ணம். தண்ணிய அதுல பிரிச்சு இறக்கிடும். நானே மெக்கானிக்க வரச் சொல்றேன்.”

டீ வந்தது. ஏலக்காய் போட்ட டீ. நல்லசிவம் குடித்தார்.

மெக்கானிக் வந்து பெரிய வடிகட்டியைப் பொருத்தினார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். குழாயில் இருந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றினார். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. கணவாயில் ஒரு முறைகூடத் திணறவில்லை.

“பாருங்கம்மா” என்று நல்லசிவம் கிண்ணத்தைக் காட்டினார். “மேல டீசல், கீழ தண்ணி. காலையில இந்தத் திருகைத் திறந்தா தண்ணி மட்டும் வந்துடும். இனிமே எவன் எதைக் கலந்தாலும் நமக்குக் கவலை இல்ல.”

அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

தினமும் காலையில் நல்லசிவம் திருகைத் திறப்பார். வந்த தண்ணீரைத் தகர டப்பாவில் பிடித்து மதிலோரம் ஊற்றுவார். அந்த இடத்தில் புல் கருகிவிட்டது.

“இன்னைக்கு எவ்வளவு?” என்று அம்மா கேட்பார்.

“முந்தா நேத்து மழை பெஞ்சுச்சில்ல, அரை டம்ளர் வந்துச்சும்மா.”

சந்தோஷமாகத்தான் சொல்வார். புளியமரத்தடியில் தாகம் தீரும் கதையை யாராவது ஆரம்பித்தால் இப்போது அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஐப்பசி அடைமழையில், பக்கத்து ஊர்க் கோயில் அன்னதானத்துக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருந்தது. அன்று சொர்ணத்துக்கு ஆஸ்பத்திரி நாள். மரத்தடியில் நிற்கும் யாகூப்பின் காரில் அவளை அனுப்பினார்கள். அதுவும் பழைய டீசல் கார்தான்.

மறுநாள் காலை யாகூப் மடத்துக்கு வந்தான். சட்டையெல்லாம் டீசல் கறை. நல்லசிவம் அப்போதுதான் திருகைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டீசல்ல தண்ணி, கணவாயில நின்னுட்டேண்ணே. ஒரு வண்டி வரல, அந்த மழையில. தள்ளிப் பார்த்தேன், தனியாளா முடியல. அந்தம்மா மூச்சு விடுறதுக்கே திண்டாடுறாங்க. எங்கிட்ட ‘நீ நனையாதப்பா, உள்ள வா’ன்னு சொல்றாங்க. இருட்டுனப்புறம்தான் ஒரு லாரி வந்துச்சு, அதுல ஏத்தி ஆஸ்பத்திரியில சேர்த்தேன்.”

“அக்கா இப்போ எப்படி இருக்காங்க?”

“மூக்குல ஆக்சிஜன் மாட்டியிருக்கு. நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறிடுச்சாம். பிழைச்சா வெள்ளிக்கிழமை மறுபடி மெஷின்ல போடணும்ங்கிறாங்க.”

பிறகுதான் அவன் கண் தகர டப்பாவில் விழுந்தது.

“அது என்னண்ணே?”

“டீசல்ல வந்த தண்ணி. இந்த வடிகட்டி பிரிச்சுத் தருது. நீயும் ஒண்ணு வாங்கி மாட்டிக்க.”

“தெனமும் வருதா?”

“தெனமும்தான்.”

“தெனமும் கையில பிடிச்சுப் பார்த்துட்டு, தெனமும் கீழ ஊத்துனீங்களா?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே யாகூப்.”

“தெரியும். துணியைக் கட்டி டீசல் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சும் நானும் சும்மா இருந்தேன். ஆனா உங்களுக்குக் கிண்ணம் கிண்ணமாத் தெரிஞ்சிருக்கு.” அவன் வாசல் பக்கம் திரும்பினான். “நல்ல மடம்ணே உங்க மடம்.”

அவன் போய்விட்டான். நல்லசிவம் டப்பாவை வைத்துவிட்டு நேராக அம்மாவிடம் போனார். முகம் சிவந்திருந்தது.

“கேட்டீங்களாம்மா அநியாயத்தை? தண்ணி கலந்து வித்தவன் அங்க ஃபேனுக்குக் கீழ டீ குடிச்சுக்கிட்டிருக்கான். அவனை ஒரு வார்த்தை கேக்க யாகூப்புக்கு வாய் வரல. எங்கிட்ட வந்து கத்துறான். நம்ம வண்டியை நாம சரி பண்ணிக்கிட்டோம். இதுல நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?”

அம்மா எழுந்தார். கார் நின்ற இடத்துக்கு நடந்தார். நல்லசிவம் பின்னாலேயே வந்தார்.

“பானெட்டைத் திறங்க.”

திறந்தார்.

“வடிகட்டியைக் கழட்டுங்க.”

“சுத்தம் பண்ணவாம்மா?”

“கழட்டி யாகூப் வண்டியில மாட்டுங்க. வெள்ளிக்கிழமை சொர்ணத்தை அவர் கூட்டிட்டுப் போகட்டும். நம்ம வண்டிக்குப் பழைய பில்டரையே போடுங்க.”

நல்லசிவம் ஸ்பேனரை எடுத்தார். நட்டில் வைத்தார், திருகவில்லை.

“அம்மா, யாகூப்புக்கு வேற ஒண்ணு வாங்கித் தரலாமே. அடைமழைக் காலம். இது இல்லாட்டி நம்ம வண்டி மறுபடி நடுவழியில நின்னுடும்.”

“நிக்கட்டும்” என்றார் அம்மா. “நின்ன அன்னைக்குத்தான் உங்களுக்குக் கோபம் வந்துச்சு.”