பால் கொடுக்கும் தாயின் ஸ்லைடு

தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் செல் நோயியல் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் மெகருன்னிசா. அவரிடம் பட்டமேற்படிப்புப் பயிற்சி பெற்றவர்கள் மூவர்: எட்வின், திருமாறன், இசைவாணி. வெளியூரில் ஓராண்டுச் சிறப்புப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. ஒருவர் பெயரை அவர் அனுப்ப வேண்டும்.

அந்த வாரம் ஒரு பெண்ணின் மார்புக் கட்டியில் ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்கள் கண்ணாடி ஸ்லைடில் வந்தன. உடன் வந்த படிவத்தில் வயது இருபத்தொன்பது என்பதைத் தவிர வேறு விவரமில்லை. மறுநாளே மார்பை அகற்றத் தயாராக இருந்த அறுவை மருத்துவர் முடிவுக்குக் காத்திருந்தார்.

எட்வின் நுண்ணோக்கியில் பார்த்தார். பெருத்த உட்கருக்கள், சிதறிய செல்கள். "புற்றுநோய்தான் மேடம். சந்தேகமே இல்ல."

இசைவாணி வார்டுக்குப் போனார். அந்தப் பெண் ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அதைச் சொன்னார்.

"அப்ப இது பால் சுரப்பால வந்த மாற்றம். புற்றுநோய் இல்ல" என்றார் திருமாறன். பால் சுரக்கும்போது நல்ல செல்களும் இப்படித் தோன்றும் என்பது அவர் படித்தது. அது உண்மையும்கூட.

இசைவாணி மட்டும், "இதை வச்சு ரெண்டையும் சொல்ல முடியாது மேடம். சதைத்துண்டு எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

மெகருன்னிசா அப்படியே எழுதி அனுப்பினார். அறுவை மருத்துவர் எரிச்சலோடு தேதியைத் தள்ளிவைத்தார். அந்தப் பெண் ஆறு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் முடிவு வந்தது: புற்றுநோய்.

"நான் அன்னைக்கே சொன்னேனே மேடம்" என்றார் எட்வின்.

நோயைச் சரியாகச் சொன்னவர் எட்வின். செல்கள் ஏமாற்றக்கூடும் என்று அறிந்தவர் திருமாறன். தெரியாது என்று சொல்லி ஆறு நாளைக் கடத்தியவர் இசைவாணி. மெகருன்னிசா யார் பெயரை அனுப்பியிருக்க வேண்டும்?

விடை: இசைவாணியின் பெயரைத்தான் அனுப்பினார். அது புற்றுநோய் இல்லாத கட்டியாக இருந்திருந்தாலும் எட்வின் அதே உறுதியோடு அதையேதான் சொல்லியிருப்பார். ஒரு தாய் மார்பை வீணாக இழந்திருப்பாள். திருமாறனை நம்பியிருந்தால் அவள் நோயோடு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் தன் பெயர் போன செய்தி கேட்ட இசைவாணிக்கு மகிழ்ச்சியில்லை. "ஆறு நாள் போயிடுச்சே மேடம்" என்றார்.

"போனது போனதுதான்மா" என்றார் மெகருன்னிசா. "ஆனா அந்த ஆறு நாளும் அது என்னன்னு நமக்கு யாருக்கும் தெரியாதுங்கறதுதான் உண்மை. அதை நீ ஒருத்திதான் சொன்ன."